இடப்பக்கத்து உருண்டை

டிக்சன் கப்பலேறப் புறப்பட்டது ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இருட்டியிருந்தது. தூத்துக்குடி ரயில் நிலையத்தில் முத்துநகர் வண்டி தயாராக நின்றது. சென்னைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, ஒரு சரக்குக் கப்பலில் மின்பணி அதிகாரியாகச் சேரப்போகிறான். திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும். வழியனுப்பப் போனவர்கள் அவன் அப்பா எஸ்றா சார், அக்கா ஜெபசுதா, நான். என் அம்மாவும் அவர்கள் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். எஸ்றா சார் எனக்குப் பெரியப்பா, ஜெபசுதா எனக்குச் சுதா அக்கா. பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். வேலை எதுவும் இல்லாததால் அவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் போனேன்.

வண்டி வாசலில் நின்ற டிக்சனிடம் சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள் சுதா அக்கா. பாதி உயரத்திலேயே அவள் வலது கை விட்டுவிட்டது. தூக்கு நடைமேடையில் விழுந்து, மூடி உருண்டு, எலுமிச்சைச் சோறு சிதறியது. பக்கத்தில் நின்ற ஒருவர், பயணம் போகும் நேரத்தில் இப்படி ஆகக் கூடாது என்று முணுமுணுத்தார். பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் ஜெபம் செய்யாமல் அனுப்புவதில்லை. சிந்திய சோற்றுக்கு முன்னால் நின்றபடியே அவர் ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடினோம். டிக்சன் மட்டும் மூடவில்லை போலிருக்கிறது. ஆமென் சொன்னதும் என்னைக் கிட்டே அழைத்தான்.

“அவ வலது கைய எடது கையால புடிச்சுக்கிட்டே நிக்கா, பாத்தியா? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. நான் பாடுனது பாதி எடத்துல பிந்தித்தான் நிக்கும். திருப்பிப் பாட நான் இங்கன இல்ல. அவதான் இழுத்துச் சரி பண்ணணும்.”

அவன் பாடியது பெரியப்பாவின் பாட்டுகளை. பெரியப்பா நாசரேத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆலயப் பாடகர் குழுவுக்காகப் பல வருடங்களாகப் பாட்டு எழுதி, நான்கு குரலுக்கும் தனித்தனியாகச் சுரம் குறித்துக் கொடுத்தவர். பண்டிகைக்குப் பண்டிகை பாடப்பட்ட அந்தப் பாட்டுகள் ஒன்றுகூடப் பதிவானதில்லை. நவம்பரில் அவருக்கு எண்பது நிறைகிறது. அன்று நன்றி சொல்லி நடத்தும் ஸ்தோத்திர ஆராதனைக்குள் சிலவற்றையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். டிக்சன் கீழ்க்குரலை அவசர அவசரமாகப் பாடிவிட்டுக் கப்பலுக்குப் போனான். மற்றக் குரல்களைக் குழுவினர் ஆகஸ்டில் வந்து பாடிக் கொடுத்தார்கள். அவற்றையெல்லாம் ஒரே பாட்டாகச் சேர்ப்பது சுதா அக்காவின் பொறுப்பு. அவள் தொழிலே அதுதான்.

நாற்பது வயதைத் தாண்டியவள். பாளையங்கோட்டையில் கணிதம் படித்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், ஆலயப் பாட்டு ஒன்றின் பதிவுக்காகத் தூத்துக்குடியில் செந்தூர்வேல் நடத்தும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கீபோர்டு வாசிக்கப் போனாள். செந்தூர்வேல் உடன்குடிப் பக்கத்துக்காரர். கருப்பட்டிக் கடைக் குடும்பம். மைக்செட் வாடகையில் தொடங்கியவர். அங்கே கணினியில் பாட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சொடக்குச் சத்தத்தை விட்டு வைத்திருந்தார். திரையில் தெரியும் ஒலியலை நடுக்கோட்டைத் தொடுகிற இடமாகப் பார்த்து வெட்டினால் சொடக்கு வராது என்று சுதா அக்கா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நீயே வெட்டு என்று செந்தூர்வேல் நாற்காலியைக் காட்டினார். பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது அவள் போகவில்லை. வாத்தியார் வேலைக்குப் போகாமல் வந்தவள் என்பதால் அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கூடம் என்பது பிரையண்ட் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, பின்னால் ஒரு சின்ன அடுப்படி. கடற்கரை ஊர்களின் திருவிழாப் பாட்டு, அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு, கல்யாணப் பாட்டு, பள்ளி ஆண்டு விழா, எல்லாம் அந்த நாற்காலிக்கு வரும். பாடியவரின் மூச்சைக் குறைப்பாள். முந்திய சொல்லைப் பின்னுக்குத் தள்ளுவாள். பிந்தியதை இழுப்பாள். ஒரு பாட்டுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான சின்ன அசைவுகள். ஒவ்வொன்றும் மவுஸைப் பிடித்த மணிக்கட்டின் ஓர் அசைவு. வெட்டியதைத் திருப்பிக் கேட்கும்போது மட்டும் கைகளுக்கு ஓய்வு. அப்போது வலது கை மவுஸின் மேலேயே கிடக்கும். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அவள் பழக்கம்.

டாக்டர் அவள் பெருவிரலை மடக்கிப் பார்த்தார். தசைநார் வீங்கியிருக்கிறது, அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும், இல்லையென்றால் பிறகு கத்தி வைக்க வேண்டிவரும் என்றார். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்தார். படியிறங்கும்போது, நவம்பருக்குப் பிறகு ஓய்வு கொடுக்கிறேன் என்றாள். செந்தூர்வேல் சென்னையில் தெரிந்த ஒருவரிடம் பாட்டுகளை அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

“அப்பா பாட்ட வேற ஒருத்தன் வெட்டக் கூடாது, அண்ணாச்சி. அப்பறம் நான் எதுக்கு இந்த நாற்காலில இருக்கேன்?”

அதன்பிறகுதான் மவுஸ் தேடும் படலம். முதலில் கைக்கு அடியில் வைக்க ஒரு மெத்தை வந்தது. அதில் மணிக்கட்டு ஊன்றி, வலி இன்னும் கூடியது. அடுத்து, கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கும் மவுஸ். பெட்டியைப் பிரித்த செந்தூர்வேல் அதன் முதுகைத் தடவிப் பார்த்து, சுறா துடுப்பு மாதிரி நிக்கி என்றார். முன்கைக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மவுஸே ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். கடிதம் எழுதுகிறவர்களுக்கு அந்த மயிரிழை ஒரு பொருட்டில்லை. பாட்டை வெட்டுகிறவளுக்கு அது ஓர் எழுத்து. ‘தேவா’ என்பதில் தே போய்விடும்.

பிறகு பேனாவும் பலகையும். அதில் கோடு சுத்தமாக வந்தது. ஆனால் பேனாவைப் பிடிக்கவும் பெருவிரல்தான் வேண்டும், வீங்கியிருப்பதும் அதுவே. அதற்குப் பிறகு, பெருவிரலால் உருட்டும் பந்து வைத்த ஒன்று. அதை இரண்டாம் நாளே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

கடைசியில் வந்தது டிராக்பால். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய பந்து நடுவில் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பொத்தான்கள். மேசையில் அது நகராது. விரல்நுனியால் பந்தை ஒரு சுழற்று சுழற்றினால் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஓடும். ஒரு விரலை வைத்தால் நிற்கும். நகத்தளவு அசைத்தால் அலையும் நகத்தளவே அசையும். வந்த அன்று அவள் அதை நெடுநேரம் வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தாள். உருண்டை என்று பெயரும் வைத்தாள். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருப்பதால், பந்தைத் தாங்கும் சின்ன மணிகளில் பிசுக்குச் சேர்ந்து அது முரண்டும். காலையில் வந்ததும் பந்தை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்துப் போடுவாள்.

ஆனாலும் வலி நிற்கவில்லை. கருவி சரி; கை ஏற்கெனவே போயிருந்தது. செப்டம்பர் நடுவில் இசக்கிசெல்வியின் வில்லுப்பாட்டைச் சேர்த்தபோது நிறைய இடங்களில் வெட்டுத் தப்பியது. பட்டை போட்ட கையைத் தோளிலிருந்து தூக்கி வைத்துத்தான் உருண்டையைத் தொட்டாள்.

இசக்கிசெல்வி கொடைகளில் வில்லடித்துப் பாடுகிறவர், ஐம்பது வயதுக்காரி, எங்கேயும் சத்தமாகத்தான் பேசுவார். தன் பாட்டைக் கேட்க ஒருநாள் காலையில் வந்தார். அன்று செந்தூர்வேல் திரேஸ்புரத்திலிருந்து விளமீன் வாங்கி வந்திருந்தார். சுதா அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்து மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற இசக்கிசெல்வி கதை பேசிக்கொண்டே அவள் கையைப் பார்த்தார். வலது கை வாலை அழுத்திப் பிடித்திருந்தது. கத்தி இடது கையில் இருந்தது. செதில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வந்தது; செவுளைத் தோண்டியபோதும் வயிற்றைக் கீறியபோதும் கத்தி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

பிறகு அறைக்குள் வந்து பாட்டைக் கேட்டார். மூன்றாவது வெட்டுத் தப்பியதும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

“ஏளா சுதா, மீனுக்கு எடங்கை, பாட்டுக்கு வலங்கையா? ஒன் மீனு நல்லாருக்கு. என் பாட்டத்தான் கொதறி வச்சிருக்க.”

நானும் செந்தூர்வேலும் சிரித்துவிட்டோம். சுதா அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கை மீனுக்குத்தான் ஆகும் என்று மெதுவாகச் சொன்னாள்.

“ஆரு சொன்னா? வில்லடிக்கிற கோலைப் புடிச்சா ரெண்டு கையும் வில்லுக்குத்தான். சாமியே ஒண்ணும் சொல்லல.”

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததையே மறந்துவிட்டிருந்தோம். சுதா அக்கா பிறவியில் இடக்கைக்காரி. பெரியப்பாவின் வகுப்பில் இடக்கையால் எழுதிய பிள்ளை எதுவும் அப்படியே அடுத்த வகுப்புக்குப் போனதில்லை. அவர் அடிக்க மாட்டார். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுது என்பார், அவ்வளவுதான். ஊரில் இன்றும் அழகான கையெழுத்தைப் பார்த்தால் எஸ்றா சார் கை என்பார்கள். சொந்த மகளுக்கு வீட்டிலும் அதே சட்டம். எழுத, சாப்பிட, கொடுக்க, வாங்க, கீபோர்டில் ராகம் பிடிக்க வலது கை. ஆலயத் திருவிருந்தில் அப்பம் வாங்கும்போதுகூட இடது உள்ளங்கை கீழே, வலது மேலே. பெரியப்பா எட்டிப் பார்க்காத ஒரே இடம் அடுப்படி. அங்கே மட்டும் அவள் இடது கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

எந்தக் கைக்கும் பொருந்தும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்த உருண்டையை வாங்கி, ஒருவரும் யோசிக்காமல் மேசையின் வலப்பக்கம் வைத்திருந்தோம். அந்தக் கைக்கு ஓய்வு என்று டாக்டர் சொன்னபோது, வேலையை நிறுத்து என்றே எல்லார் காதிலும் விழுந்தது. அவளுக்கு இன்னொரு கை இருப்பது எங்கள் கணக்கில் வரவில்லை.

இசக்கிசெல்வி போன பிறகு செந்தூர்வேல் உருண்டையை எடுத்துக் கணினிக் கீபோர்டின் இடப்பக்கம் வைத்தார். பொத்தான்களை மாற்றி அமைத்தார். சுதா அக்கா அன்று அதைத் தொடவில்லை. மறுநாள் காலையில் பந்தைத் துடைத்து, இடப்பக்கத்திலேயே வைத்தாள்.

முதல் வாரம் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மீனுக்குப் பழகிய கைக்கு அலை புதிது. சுழற்றினால் பாட்டைத் தாண்டி ஓடும். ஒரு வெட்டுக்கு மூன்று முறை கேட்டுக்கொண்டாள். பழைய வேகம் இல்லாததால் எதை வெட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் மூச்சு கேட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிடுவாள்; இப்போது சில மூச்சுகள் பாட்டிலேயே தங்கின. அக்டோபர் வந்தபோது வேலை கைக்குப் பிடிபட்டது. இசக்கிசெல்வியின் பாட்டை மறுபடியும் முழுக்கச் செய்து கொடுத்தாள். வலது கை வீக்கம் மெல்ல வடியத் தொடங்கியது.

ஆனால் ஒளித்துத்தான் செய்தாள். ஆலயத்து ஆட்கள் யாராவது படியேறும் சத்தம் கேட்டால் உருண்டை வலப்பக்கம் போய்விடும். இதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். நாலு இடம் பார்த்தவள் உனக்குப் புரியாது, அப்பா பாட்டை அந்தக் கையால் தொட்டேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது என்றாள்.

ஸ்தோத்திர ஆராதனைக்கு ஒரு வாரம் முன்னால் பெரியப்பா பாட்டுகளைக் கேட்க வந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் சுரம் எழுதிய தாள்கள். வரும் முன்பே உருண்டையை வலப்பக்கம் நகர்த்தி, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் சுதா அக்கா. அவர் பின்னால் நாற்காலியில் அமர்ந்தார். பாட்டு ஓடியது. தாளை இரண்டு கையாலும் பிடித்துத் தொடர்ந்து வாசித்தார். தாள் சரசரத்துக்கொண்டே இருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன்.

நான்காவது பாட்டில் கையை உயர்த்தினார். இரண்டாம் சரணத்தில் கீழ்க்குரல் பிந்துகிறது, மற்ற மூன்றும் வந்து நிற்கின்றன, டிக்சன் இன்னும் வரவில்லை என்றார். இப்போதே சரிசெய்ய முடியுமா என்றும் கேட்டார்.

முடியும் என்று சொல்லி வலது கையை உருண்டையில் வைத்தாள். பந்து துள்ளியது. வெட்டு சொல்லின் நடுவில் விழுந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி வெட்டினாள். இந்த முறை டிக்சனின் குரல் முழுதுமே ஒரு முழம் முன்னால் ஓடி நின்றது. அவள் பின்கழுத்து வேர்த்திருந்தது. செந்தூர்வேல், டீச்சர், விடுங்க, பொறவு பாத்துக்கிடலாம் என்றார். பெரியப்பா காத்திருந்தார். அவர் திருத்தம் சொல்லிவிட்டு இப்படித்தான் காத்திருப்பார், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம்.

சுதா அக்கா தொடைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தாள். உருண்டையைக் கீபோர்டைச் சுற்றி இடப்பக்கம் இழுத்தாள். அலையைப் பெரிதாக்கி, டிக்சனின் முதல் சொல்லுக்கு முன்னால் இருந்த மூச்சைத் தேடி, அதையும் சேர்த்துப் பிடித்து, நகத்தளவு இழுத்து வைத்தாள். பாட்டைப் போட்டாள். மூச்சு முதலில் வந்தது. பிறகு நான்கு குரலும் ஒன்றாக வந்தன.

பெரியப்பா திரையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்ப இருந்து?” என்று கேட்டார்.

“சின்னதுல இருந்தே, அப்பா.”

பாட்டு முடிந்ததும் பெரியப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார். மீதிப் பாட்டுகளையும் கேட்டார். தாள்களை மடித்து வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னார். படியில் அவருக்குத் துணையாக நான்தான் இறங்கினேன். மழை வரும்போலிருக்கிறது என்றார்.

ஆராதனையில் பாட்டுகள் ஒலித்தன. ஏற்புரையில் பெரியப்பா, பாடியவர்கள், பதிவு செய்தவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி நன்றி கூறினார். மகளின் பெயரையும் மற்றப் பெயர்களோடு அதே குரலில் சொன்னார். திருவிருந்தில் அவருக்கு அடுத்து நான் மண்டியிட்டிருந்தேன். அவருடைய வலது உள்ளங்கை நிலையாக இல்லை. கீழிருந்த இடது கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. வயதுதான் காரணம் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பிறகு அப்பாவும் மகளும் பேசாமல் இல்லை. மருந்து, மழை, டிக்சனின் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எல்லாம் பேசினார்கள். கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவள் உருண்டையை யார் வந்தாலும் இடப்பக்கத்திலேயே வைத்தாள். ஆனால் நாசரேத்துக்குப் போகும் ஞாயிறுகளில் அவர் முன்னால் தண்ணீர்ச் செம்பைக்கூட வலது கையால்தான் எடுத்தாள். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது, திட்டு வாங்குவதைவிட அவளுக்குப் பாரமாக இருந்தது. ஒருமுறை என்னிடம் சொன்னாள், அப்பா தப்பு என்றாவது சொல்லலாம் என்று.

டிக்சன் திரும்பி வந்தான், பாட்டில் தான் சரியான நேரத்தில் நுழைவதைக் கேட்டுத் தனக்கே நம்ப முடியவில்லை என்றான், மறுபடியும் கப்பலேறினான். அடுத்த ஐப்பசி மழையும் வந்தது. ஒரு மத்தியானம் நான் கூடத்துக்குப் போனபோது சுதா அக்கா உருண்டையின் பந்தை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். பெரியப்பாவிடமிருந்து வந்த செய்தி. அவர் அதுவரை யாருக்கும் போனில் எழுதியதில்லை. சபைப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவதற்குக் கணினிதான் அவருக்குப் பழக்கம்.

“அன்பு மகள் சுதாவுக்கு. நலம். போன வருடத்திலிருந்தே வலது கை நடுங்குகிறது. இப்போது கணினியில் அம்புக்குறி நான் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. பத்திரிகைக் கட்டுரை பாதியில் கிடக்கிறது. டிக்சனுக்குச் சொல்ல வேண்டாம். கடலில் இருப்பவன் கவலைப்படுவான். நீ வைத்திருப்பது போன்ற உருண்டை ஒன்று எனக்கும் வேண்டும். ஞாயிறு வரும்போது கொண்டு வந்து, இடப்பக்கம் வைத்துக் கொடு. எந்த விரலிலிருந்து பழக வேண்டும்?”